கோவை விமானத்தை ஏற்காட்டுப் பக்கம் ஏன் ஒரே ஹெட்டிங்கில் பிடித்து வைக்கிறார்கள்?

மலையடிவாரம் கேட்டது:

விமானம் காட்டும் ஆப்பில் சென்னை–கோவை பாதையைப் பார்த்தால் ஏற்காட்டுக்கு ஏறக்குறைய நேர் மேலேதான் வர வேண்டும். சில நாள் அப்படி வருவதில்லை. கல்வராயன் மலைப் பக்கத்திலேயே லேசாக வலப்பக்கம் திரும்பி, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி காடையாம்பட்டி, மேச்சேரி வரை போய், அப்புறம்தான் இடப்பக்கம் கோவைக்குத் திரும்புகிறது. கன்ட்ரோலர் ஒரு ஹெட்டிங் (திசை எண்) கொடுத்து அதிலேயே போகச் சொல்வதால்தான் இப்படி என்கிறார்கள். பைலட்டிடம் ஜிபிஎஸ் இருக்கிறது, போகவேண்டிய வழி முழுக்க கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. அப்புறம் எதற்கு ஒரு எண்ணைச் சொல்லிக் கட்டிப் போடுகிறார்கள்? ஓரிரு டிகிரி முன்னே பின்னே போனால் என்ன ஆகிவிடும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்க.

தெற்கு வானம்:

அந்த எண் ஒரு விமானத்துக்கானது அல்லங்க. இரண்டு விமானங்களுக்கு நடுவிலுள்ள கோணத்தை மாறாமல் வைத்திருக்கத்தான் அது. நீங்கள் ஆப்பில் ஒன்றை மட்டும் பார்க்கிறீர்கள். அதே நேரம் வடக்கிலிருந்து என்ன வருகிறது என்றும் பாருங்கள், விஷயம் பிடிபடும்.

முதலில் ஒரு வேறுபாடு. ஹெட்டிங் என்பது மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவார்கள்: கிழக்கு 090, தெற்கு 180, மேற்கு 270, வடக்கு 360. ட்ராக் என்பது தரைமேல் விழும் பாதை. பக்கக் காற்று அடித்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது.

இப்போது உங்கள் ஊர் வானத்துக்கு வருவோம். உண்மையான வழித்தடங்கள் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு வளைந்து வளைந்து போகும். கணக்கு புரிவதற்காக நேர்கோடு என்றே வைத்துக்கொள்வோம். சென்னை–கோவை கோடு சுமார் 238 டிகிரி. பெங்களூரு–மதுரை கோடு சுமார் 174 டிகிரி. இரண்டும் எடப்பாடி–சங்ககிரி பக்கம் வெட்டிக்கொள்கின்றன. அந்த இடத்திலிருந்து கோவை 58 நாட்டிகல் மைல் (ஒன்று சுமார் 1.85 கி.மீ.; இனி மைல் என்றால் இதுதான்).

ஜெட் இறங்கும்போது 1,000 அடிக்கு 3 மைல் என்பது பொதுவான கணக்கு. கோவை நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. அப்படியென்றால் 30,000 அடியில் வரும் ஜெட் கோவைக்கு 86 மைல் இருக்கும்போது, அதாவது ஏற்காட்டுக்குச் சற்று முன்னாலேயே, இறங்கத் தொடங்க வேண்டும். எடப்பாடி மேல் வரும்போது 20,600 அடி வாக்கில் இருக்கும். பெங்களூருவிலிருந்து மதுரை போகும் ஓர் ஏடிஆர் (விசிறி வைத்த சின்னப் பயணிகள் விமானம்) லெவல் 210-இல், அதாவது 21,000 அடியில், அதே நேரம் அங்கே வந்தால்? சிக்கல் அதுதான்.

ரேடாரில் பார்த்துப் பிரிக்கும்போது வழித்தட வானத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவே 5 மைல் பக்க இடைவெளி வேண்டும், இல்லையென்றால் 1,000 அடி உயர இடைவெளி வேண்டும். இரண்டில் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். உயரத்தை வைத்துப் பிரித்தால், ஏடிஆர் குறுக்கே போய் 5 மைல் விலகும் வரை ஜெட்டை லெவல் 220-இல் நிறுத்தி வைக்கணும். அதற்குள் ஜெட் இருக்க வேண்டிய உயரத்தைவிட ஏறக்குறைய 4,000 அடி மேலே நிற்கும். அதை இறக்க 12 மைல் கூடுதலாக வேண்டும், அல்லது ஸ்பீடு பிரேக் போட்டு இறங்கணும்.

ஹெட்டிங் கொடுத்தால் இந்த அவஸ்தை இல்லை. ஜெட் நிமிடத்துக்கு 7 மைல், ஏடிஆர் நிமிடத்துக்கு 4.5 மைல் என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

வெட்டும் இடத்துக்கு 40 மைல் முன்பே ஜெட்டை வலப்பக்கம் 15 டிகிரி திருப்பி 253-இல் வைத்தால், அது ஏடிஆரின் வாலுக்குப் பின்னால் 7.6 மைல் தள்ளிக் கடக்கும். 10 டிகிரி திருப்பினால் 5.2 மைல். 8 டிகிரி என்றால் 4.2 மைல்தான், விதி உடைந்துவிட்டது. நீங்கள் கேட்ட "ஓரிரு டிகிரி" என்ன செய்யும் என்பது இந்த 10-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கிறது.

தாமதித்தால் விலை இரட்டிப்பாகும். 20 மைல் இருக்கும்போது திருப்பினால் 20 டிகிரி கொடுத்தும் 5 மைலைத் தொடுவது சந்தேகம், 25 கொடுத்தால்தான் 6 மைல். இதில் கன்ட்ரோலர் பேசி, பைலட் திருப்பிச் சொல்லி, விமானம் சாய்ந்து திரும்பி முடிக்க அரை நிமிடம் போய்விடும். அதற்குள் ஜெட் மூன்றரை மைல் ஓடியிருக்கும். அதனால்தான் கல்வராயன் மலையிலேயே திருப்பிவிடுகிறார்கள்.

ஏடிஆரைத் திருப்பலாமே என்று தோன்றும். அதே 40 மைல் கட்டத்தில் அதை இடப்பக்கம் 15 டிகிரி திருப்பினால் கிடைப்பது வெறும் 2 மைல். மெதுவாகப் போவதைத் திருப்பினால் பலன் குறைவு. ஆனால் அதையும் சும்மா விடுவதில்லை. "கன்டினியூ பிரசன்ட் ஹெட்டிங்" என்று சொல்லி அதே திசையில் பிடித்து வைப்பார்கள். ஏடிஆரின் கம்ப்யூட்டர் அடுத்த புள்ளி வந்துவிட்டது என்று தானாக 10 டிகிரி திரும்பினால், ஜெட்டுக்குப் போட்ட கணக்கு அத்தனையும் வீண்.

மலையடிவாரம்:

ரொம்ப நன்றி சார், ஆப்பில் மதுரை ஏடிஆரையும் பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது. இரண்டு சந்தேகம். கிழக்கே போகிறவை ஒற்றை லெவல், மேற்கே போகிறவை இரட்டை லெவல் என்று விதி இருக்கிறதே, அது போதாதா? இன்னொன்று, காற்று தள்ளும் என்று தெரிந்தும் ஏன் ஹெட்டிங்கைச் சொல்கிறார்கள்? ட்ராக்கையே சொல்லிவிடலாமே?

வலது இருக்கை:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. ட்ராக் 000 முதல் 179 வரை ஒற்றை, 180 முதல் 359 வரை இரட்டை (ஆயிரம் அடிக் கணக்கில்; 210 என்றால் 21, ஒற்றை) என்பது லெவலில் நேராகப் பறக்கும்போது காப்பாற்றும். 174-இல் போகும் ஏடிஆர் 210-இலும், 238-இல் போகும் ஜெட் 300-இலும் இருக்கும் வரை பிரச்சினையே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லா லெவலையும் வெட்டிக்கொண்டுதானே போகணும்? சேலம் வட்டாரம் கோவைக்கு இறங்கும் இடமாகவும், பெங்களூருவிலிருந்து தெற்கே போகிறவை ஏறி முடித்திருக்கும் இடமாகவும் அமைந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஹெட்டிங் என்பது எந்த விமானத்திலும் இருக்கும் கருவி. பயிற்சி செஸ்னாவிலும் உண்டு, ஏர்பஸ்ஸிலும் உண்டு. ட்ராக்கைப் பிடித்துப் பறக்க ஜிபிஎஸ்ஸோ இனர்ஷியல் கருவியோ (விமானத்தின் அசைவை வைத்தே இடத்தைக் கணக்கிடுவது) வேண்டும். அது எல்லாவற்றிலும் கிடையாது. அதோடு, ஒரே வானத்தில் இருக்கும் எல்லா விமானத்தையும் ஒரே காற்றுதான் தள்ளுகிறது. எல்லாவற்றையும் அது ஒரே பக்கமாகத் தள்ளும்போது நடுவிலுள்ள இடைவெளி அப்படியே இருக்கும். கூட்டமாகப் போகிற படகுகளை ஆற்று நீரோட்டம் சேர்த்து இழுத்துப் போவது மாதிரி. பைலட் தன் பங்குக்குக் காற்றைத் திருத்த ஆரம்பித்தால் குழப்பம்தான் வரும். கொடுத்த எண்ணை அப்படியே பிடிக்கணும், காற்றுக்கான திருத்தத்தைக் கன்ட்ரோலர் சேர்த்தே கொடுத்திருப்பார்.

தப்பு எங்கே நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஏர்பஸ்ஸில் ஹெட்டிங் குமிழைத் திருப்பி, பிறகு இழுக்க வேண்டும். திருப்பிவிட்டு இழுக்க மறந்தால் கட்டத்தில் எண் மட்டும் மாறியிருக்கும், விமானம் பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும். எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. மேலே உள்ள மோட் வரிசையில் நேவ் (கம்ப்யூட்டர் பாதை) போய் ஹெட்டிங் என்று எழுத்து மாறியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. அந்தக் குமிழை அழுத்தினால் மறுபடி கம்ப்யூட்டர் பாதைக்குத் தாவிவிடும். கன்ட்ரோலர் விடுவிப்பதற்கு முன்னால் அப்படி நடந்தால், ஏடிஆரின் வாலுக்குப் பின்னால் போக வேண்டியது அதன் மூக்குக்கு நேராகவே திரும்பும்.

அடுத்தது எண் குழப்பம். "டூ ஒன் ஜீரோ" என்பது ஹெட்டிங்காகவும் இருக்கலாம், லெவலாகவும் இருக்கலாம், வேகமாகவும் இருக்கலாம். அதனால் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லக் கூடாது. "ரைட் ஹெட்டிங் டூ ஃபைவ் த்ரீ" என்று பக்கத்தையும், ஹெட்டிங் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லணும். ஹெட்டிங், லெவல், வேகம் மூன்றும் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டியவை. பிரிட்டனில் பூஜ்யத்தில் முடியும் ஹெட்டிங்குக்குப் பின்னால் "டிகிரீஸ்" என்று சேர்ப்பதே விதி. நம் ஊரிலும் அந்தப் பழக்கம் நல்லது.

நடைமுறையில் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகத்தான் கொடுப்பார்கள். 253 என்பது மேலே சார் போட்ட கணக்குக்கான எண். காதில் விழுவது 255 ஆகத்தான் இருக்கும்.

டிகாஸ் (விமானத்திலேயே உள்ள மோதல் தடுப்புக் கருவி) பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் மீறி அருகில் வந்து டிகாஸ் "கிளைம்ப்" என்றோ "டிசென்ட்" என்றோ கத்தினால், கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் டிகாஸ் சொல்வதைத்தான் கேட்கணும். ஆனால் அது ஏறு, இறங்கு என்று மட்டுமே சொல்லும், திரும்பு என்று சொல்லவே சொல்லாது. அதனால் அந்த நேரத்திலும் கொடுத்த ஹெட்டிங் அப்படியேதான் இருக்கும்.

தெற்கு வானம்:

வலது இருக்கை சொன்னதில் ஒரு திருத்தம். ஒரே காற்று என்பது இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால்தான் சரி. தமிழ்நாட்டில் ஜூலையில் இதை மறக்கவே கூடாது. கீழே 5,000 அடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். 40,000 அடியை நெருங்கினால் காற்று கிழக்கிலிருந்து வரும். 238-இல் இறங்கும் கோவை விமானத்தை மேலே இருக்கும்போது ஓரிரு டிகிரி வலப்பக்கம் தள்ளும் காற்று, கீழே வந்தபின் மூன்று நான்கு டிகிரி இடப்பக்கம் தள்ளும். ஒரு விமானம் மேலேயும் இன்னொன்று கீழேயும் இருக்கும்போது கொடுத்த ஹெட்டிங்கை "அதுபாட்டுக்குப் போகும்" என்று விட முடியாது. ரேடார் திரையில் விமானத்துக்குப் பின்னால் விழும் புள்ளிகளைப் பார்த்து 5 டிகிரி கூட்டிக் குறைக்க வேண்டி வரும். ஆப்பில் சில நாள் அந்தக் கோட்டில் இரண்டு சின்ன முறிவு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறங்கும் வரிசையிலும் இதே வேலைதான், ஆனால் இன்னும் நெருக்கமாக. சென்னையில் 25 என்ற எண்ணுள்ள ஓடுதளத்தில் (250 டிகிரி திசையில் இறங்குவது) என்றால், தெற்குப் பக்கமாக வருவதை 070-இல் கொண்டுபோய், இடப்பக்கம் 340-க்குத் திருப்பி, பிறகு 280-இல் விட்டால் ஐஎல்எஸ் கோட்டை (ஓடுதளத்துக்கு நேராக வழிகாட்டும் ரேடியோ கோடு) 30 டிகிரியில் வெட்டிப் பிடித்துக்கொள்ளும். 340 என்று சொல்வதை 15 விநாடி தாமதித்தால், 180 நாட் (மணிக்கு 180 மைல்) வேகத்தில் முக்கால் மைல் கூடுதலாகப் போகும். போன தூரத்தைத் திரும்பவும் வரணும் என்பதால் முன்னால் போகும் விமானத்தோடு உள்ள இடைவெளி ஒன்றரை மைல் கூடிவிடும். தேவை 3 மைல், முன்னால் ஹெவி (பெரிய விமானம்) போய் பின்னால் மீடியம் (நடுத்தர விமானம்) வந்தால் அதன் சுழலுக்காக 5 மைல். அங்கே ஒவ்வொரு கால் மைலும் கணக்குதான்.

கமலாபுரம்:

மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. சேலத்தில் அதுதானே முதலில் வர வேண்டும்?

கம்ப்யூட்டர் பாதையில் போகும்வரை, அந்தப் பாதைக்குக் குறைந்தபட்ச உயரம் வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும். ஹெட்டிங் கொடுத்து வெளியே இழுத்த அந்த நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதன்பின் மலையில் மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கன்ட்ரோலர் ஏற்கிறார். அவருடைய வரைபடத்தில் வானம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வெக்டர் (கன்ட்ரோலர் தரும் ஹெட்டிங்) கொடுக்கலாகும் குறைந்த உயரம் எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தின் மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி, மலைப்பகுதி என்று வகுத்திருந்தால் 2,000 அடி.

சேர்வராயன் உச்சி சுமார் 5,300 அடி. அதற்கு மேல் 1,000 சேர்த்தாலே 6,300, 2,000 சேர்த்தால் 7,300. சேலம் விமான நிலையமான கமலாபுரம் ஓடுதளமோ ஆயிரம் அடி வாக்கில் இருக்கிறது. அங்கிருந்து ஏற்காடு நேர் கிழக்கே சுமார் 8 நாட்டிகல் மைல். 240 நாட் என்றால் நிமிடத்துக்கு 4 மைல். நிலையத்துக்கு மேலே 4,000 அடியில் இருக்கும் விமானத்துக்கு 090 என்று கொடுத்து, வேறு பேச்சில் மறந்துவிட்டால், மலை இரண்டே நிமிடத்தில் எதிரில். சரிவு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அதனால் கிழக்கே இருந்து வருவதைத் தாழ்த்தும்போது, மலையை முழுக்கத் தாண்டி ஓமலூர் சமவெளிக்கு வந்தபின்தான் கீழே விடமுடியும்.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ 514 என்ற போயிங் 727 மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஓடுதளத்தை நெருங்கி இறங்க (அப்ரோச்) அனுமதி என்று கன்ட்ரோலர் சொன்னதை, 1,800 அடிக்கு இறங்கலாம் என்று பைலட்கள் எடுத்துக்கொண்டார்கள். மலைக்கு யார் பொறுப்பு என்பதில் இரண்டு தரப்பும் இரண்டு விதமாக நினைத்திருந்தது. தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா அதற்குப் பிறகுதான் பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது. வெக்டரில் இருக்கும்போது பைலட்டும் மலை எங்கே என்று தன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கணும் என்று சொல்வது இதனால்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு தொல்லை. மதியத்துக்கு மேல் சேர்வராயன் மேலேயும் கல்வராயன் மேலேயும் இடிமேகம் கட்டிவிடும். கொடுத்த ஹெட்டிங் மேகத்துக்குள்ளேயே போகிறதென்றால் பைலட் "அன்ஏபிள்" (முடியாது) என்று சொல்லி, எந்த ஹெட்டிங் வேண்டும், எத்தனை மைலுக்கு வேண்டும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பெரிய இடிமேகத்திலிருந்து 20 மைல் விலகுவது நல்ல பழக்கம். கேட்காமல் தானாகத் திரும்புவதுதான் கூடாது. 30 மைல் இருக்கும்போதே கேட்டால் ஏடிஆரை நகர்த்திவிட்டு வழி கொடுப்பார்கள். 10 மைலில் கேட்டால் கன்ட்ரோலரிடம் கொடுக்க எதுவும் மிச்சம் இருக்காது.

தாரமங்கலம் கேட்டது:

நடுவில் ஒன்று கேட்கிறேன், மன்னிக்கணும். கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது. அதற்கு மேல் பறந்தால் காம்பஸ் தப்புக் காட்டாதா? ஹெட்டிங்கே தப்பாகிவிடாதா?

வலது இருக்கை:

கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், காந்தத்தை இழுக்கும் தாதுதான். மலைமேல் கையில் காம்பஸ் வைத்து நின்றால் முள் விலகலாம். ஆனால் அந்த விளைவு உயரத்தோடு வேகமாகக் குறைந்துவிடும். விமானம் பறக்கும் உயரத்தில் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெரிய ஜெட்களில் முதன்மைத் திசைகாட்டி காந்தத்தை உணரவே உணராது. இனர்ஷியல் கருவி மெய் வடக்கைக் கண்டுபிடித்து, உள்ளே ஏற்றிவைத்த அட்டவணையிலிருந்து காந்த வடக்கைக் கணக்கிட்டுக் காட்டும். நம் பகுதியில் அந்த இரண்டு வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். ஏடிஆரில் இறக்கையில் உள்ள ஃப்ளக்ஸ் வால்வ் உண்மையான காந்தப் புலத்தை உணர்கிறது.

கவலைப்பட வேண்டியது சின்னப் பயிற்சி விமானத்தில். அதில் உள்ள ஜைரோ திசைகாட்டி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நேராக, சமவேகத்தில் பறக்கும்போது காந்தக் காம்பஸோடு ஒப்பிட்டுச் சரிசெய்யணும். மறந்தால் அரை மணியில் பல டிகிரி தப்பாகப் போய்க்கொண்டு, சரியாகப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். கருவியே செத்துவிட்டால் கன்ட்ரோலரிடம் சொல்லிவிடணும். அவர் எண் சொல்ல மாட்டார். "டர்ன் லெஃப்ட்" என்பார், விநாடிக்கு 3 டிகிரியில் திரும்பிக்கொண்டே இருக்கணும், "ஸ்டாப் டர்ன்" என்றதும் நிறுத்தணும்.

மலையடிவாரம்:

கடைசியாக ஒன்று. 255-இல் போ என்று சொல்லிவிட்டு ரேடியோ செத்துவிட்டால்? அதே திசையில் போனால் நீலகிரிப் பக்கம் போய்விடுமே?

தெற்கு வானம்:

போய்விடக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது. டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு எண் அனுப்பும் கருவி) ரேடியோ செத்ததற்கான எண் 7600 போடணும். கிட்டத்தில் இருக்கிற வழியாக, குறைந்தபட்ச உயரத்தைக் கவனித்துக்கொண்டு, திட்டத்தில் உள்ள அடுத்த முக்கியப் புள்ளி வருவதற்குள் பழைய பாதையில் சேர்ந்துவிடணும். கன்ட்ரோலர் 7600-ஐப் பார்த்ததும் மற்றவர்களை அந்தப் பாதையிலிருந்து ஒதுக்கிவிடுவார்.

இதற்காகத்தான் ஹெட்டிங் கொடுக்கும்போதே காரணத்தையும் எல்லையையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்: குறுக்கே விமானம், அதைத் தாண்டும் வரை. காரணம் தெரிந்தால், பேச்சு நின்றாலும் எதற்காக இந்தப் பக்கம் வந்தோம், எப்போது திரும்பலாம் என்று பைலட்டுக்குத் தெரியும். பேச்சு நிற்காத சாதாரண நாளில், ஏடிஆரைத் தாண்டி இடைவெளி விரியத் தொடங்கியதும் "ரெஸ்யூம் ஓன் நேவிகேஷன், டைரக்ட் கோயம்புத்தூர்" (இனி உங்கள் வழியில் நேராகக் கோவைக்குப் போகலாம்) என்று வரும். உங்கள் ஆப்பில் மேச்சேரிக்குப் பக்கத்தில் தெரியும் அந்த இடப்பக்கத் திருப்பம் அதுதான்.